குழந்தை இல்லாத வீட்டில் குழந்தைப் பூட்டு

துணி துவைக்கும் இயந்திரங்களைப் பற்றிப் பதினேழு ஆண்டுகளாக எழுதிவந்தவர், ஒரு கைக்குட்டையைக்கூட அப்படி ஓர் இயந்திரத்தில் போட்டு எடுத்ததில்லை. அதை அவர் குறையாக நினைத்ததும் இல்லை. வீட்டு உபயோகப் பொருட்கள் செய்யும் ஒரு கம்பெனியில், பெட்டிக்குள் பொருளோடு சேர்த்து வைத்து அனுப்புகிறார்களே, அந்தச் சின்னப் புத்தகத்தை எழுதுவது அவர் வேலை. அதனால் அவருக்குக் கையேட்டுக்காரர் என்றே பெயர். வாசல் காவலாளி முதல் முதலாளி வரைக்கும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகியிருந்தார்.

இலக்கணம் படித்தவர். மூன்று மாதத்துக்கு மட்டும் என்று வேலைக்கு வந்தார். அந்த மூன்று மாதம் இன்னும் முடியவில்லை. அவருடைய மேசைக்குப் பொருள் எதுவும் வராது. பொருளின் படம்தான் வரும். படத்தில் அம்புக்குறிகள், அம்புகளின் வாலில் எண்கள். கூடவே ஆங்கிலத்தில் நாலு பக்கம். அதை வைத்துக்கொண்டு மின்விசிறி, அரைக்கும் இயந்திரம், சுவர்க் கடிகாரம், தண்ணீர் சுத்திகரிப்பான் என்று எதையும் எழுதித் தள்ளிவிடுவார். "மூடியானது முழுமையாக மூடப்பட்டிருத்தலை உறுதிசெய்த பின்னரே இயக்குபொத்தான் அழுத்தப்படுதல் வேண்டும்" என்று ஒரு வாக்கியம் அமைந்துவிட்டால் அன்றைக்கு முழுதும் அவர் முகத்தில் ஒரு களை இருக்கும்.

"யாரால் அழுத்தப்படுதல் வேண்டும்? ஆளையே காணோமே" என்பார் அவர் மனைவி.

"யாரா இருந்தாலும் அழுத்தலாம்மா. அதான் பொதுவா விட்டிருக்கேன்."

மனைவி கண் மருத்துவமனையில் தலைமைச் செவிலி. நேராகப் பேசுகிறவர். ஊசி போடும்போது "வலிக்காது" என்று சொல்லமாட்டார்; "வலிக்கும், ஒரு நொடி" என்பார். வீட்டில் இருந்ததே இந்த இரண்டு பேர். இளையவருக்கு வயது நாற்பத்தாறு.

கையேட்டுக்காரருக்குப் பொருட்களோடு எப்போதும் தகராறுதான், ஆனால் ஒரு நாளும் அவர் பொருளைக் குற்றம் சொன்னதில்லை. அலுவலக வாசலில் ஒரு கண்ணாடிக் கதவு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நீளக் கைப்பிடி. கைப்பிடியைப் பார்த்தால் இழுக்கத்தான் தோன்றும். ஆனால் தள்ள வேண்டும். பதினேழு வருடமாகத் தினமும் காலையில் இழுத்துவிட்டு, "என் தப்புதான்" என்று முணுமுணுத்தபடி தள்ளுவார். லிஃப்டைப் பிடிக்க யாராவது ஓடிவந்தால் கதவைத் திறந்து வைக்கலாம் என்று நினைத்து, இரண்டு முக்கோணப் படங்களில் தவறானதை அழுத்தி, ஓடிவந்தவர் மூக்குக்கு நேராகக் கதவைச் சாத்திவிடுவார். இதனால் கணக்குப் பிரிவில் ஒருவர் அவரோடு பேசுவதையே விட்டுவிட்டார். வீட்டு அடுப்பில் நாலு பர்னர் சதுரமாக இருக்கும், நாலு திருகு வரிசையாக இருக்கும். பின்னால் இருக்கும் பாலுக்குத் தீ மூட்டப் போய், முன்னால் இருக்கும் காலிப் பாத்திரத்தைக் கரிய வைப்பார். அப்போதும் அதேதான்: "நான்தான் கவனிக்கல."

கூர்ந்து கவனிக்கிறவனுக்கு எல்லாம் புரியும், புரியாதவன் கவனிக்காதவன் என்பது அவர் கட்சி. தன்னையும் சேர்த்தேதான் சொன்னார். அந்த மட்டில் நியாயமானவர்.

இப்படி இருக்கையில், வீட்டிலிருந்த பழைய துவைக்கும் இயந்திரம் ஒரு நாள் புகைவிட்டு ஓய்ந்தது. அதில் ஒரே ஒரு திருகுதான். திருப்பினால் ஓடும், திருப்பாவிட்டால் ஓடாது. அதை இயக்கியது எப்போதும் மனைவிதான். இப்போது கையேட்டுக்காரரின் கம்பெனி செய்த புது இயந்திரமே வீட்டுக்கு வந்தது. முன்பக்கம் வட்டக் கதவு. மேலே வழவழவென்று கறுப்புக் கண்ணாடி. கண்ணாடியில் ஒன்பது படங்கள். ஒரு எழுத்துக்கூடக் கிடையாது. வாளிக்குள் கை, சூரியன், நிலா, சாவி, பூ, நத்தை மாதிரி ஒன்று, இன்னும் என்னென்னவோ.

மனைவியின் தம்பி அதே கம்பெனியில் சர்வீஸ் மெக்கானிக். வேனில் வந்து பொருத்திக் கொடுத்துவிட்டு, "அத்தான், ஒரு தடவை ஓட்டிக் காட்டிட்டுப் போறேன்" என்றான்.

கையேட்டுக்காரர் சிரித்தார். "இதுக்குப் புத்தகம் எழுதினதே நான்தானே."

மச்சான் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அக்காவைப் பார்த்தான். "சரி அத்தான்" என்று கிளம்பிவிட்டான்.

சனிக்கிழமை வந்தது. மனைவிக்குப் பிற்பகல் இரண்டு மணிக்கு டியூட்டி. காலையில் மார்க்கெட்டுக்குப் போகும்போது, "வெள்ளைச் சீருடை மூணையும் போட்டு எடுத்து வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கையேட்டுக்காரர் தான் எழுதிய புத்தகத்தைப் பிரித்து இயந்திரத்தின் மேல் நிறுத்திவைத்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பக்கம் ஐந்து, பக்கம் ஆறு. முக்கால் மணி நேரம் படித்தபின் வாளிப் படத்தைத் தொட்டார். இயந்திரம் கூவியது. சூரியனைத் தொட்டார். மறுபடி கூவியது. பிறகு தானாகவே ஓட ஆரம்பித்தது. எதனால் ஓடுகிறது என்று அவருக்குத் தெரியவில்லை, ஆனாலும் பெருமிதம் பொங்கியது. சோப்புத் தண்ணீர் கொஞ்சம் கண்ணாடி மேல் சிந்தியிருந்தது. ஒரு துணியை எடுத்து நன்றாக அழுத்தித் துடைத்தார். சாவிப் படம் சிவப்பாக எரிந்தது. அழகாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு மணிக்கு இயந்திரம் மூன்று முறை மணியடித்து நின்றது. கதவைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. தள்ளிப் பார்த்தார். வாளி, சூரியன், நிலா, எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். தொடத் தொட ஒவ்வொரு முறையும் சாவிதான் மினுக்கியது. வட்டக் கண்ணாடி வழியாக மூன்று வெள்ளைச் சீருடைகளும் ஈரமாக, சுருண்டு படுத்திருப்பது தெரிந்தது.

மனைவி வந்தபோது அவர் தரையில் உட்கார்ந்து பக்கம் இருபத்து மூன்றைப் படித்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு?"

"குழந்தைப் பூட்டு விழுந்திருக்கு."

"எந்தக் குழந்தை?"

"பொதுவா ஒரு குழந்தைம்மா. அதுக்கு வழி இருக்கு, பாரு. 'குழந்தைப் பாதுகாப்புப் பூட்டு செயற்பட்டிருப்பின், முற்கூறப்பட்ட இரு பொத்தான்களும் முற்கூறப்பட்ட கால அளவுக்கு ஒருசேர அழுத்தப்படுதல் வேண்டும்.'"

"எங்க முற்கூறப்பட்டிருக்கு?"

அதைத்தான் அவரும் தேடிக்கொண்டிருந்தார். பக்கம் ஒன்பதில் கிடைத்தது. அங்கே "படம் நான்கைக் காண்க" என்றிருந்தது. படம் நான்கு கடைசி அட்டையில் இருந்தது. அச்சடித்து மடித்ததில், இரண்டு பொத்தான்களும் சரியாக மடிப்பு விழுந்த இடத்தில் போய்ச் சேர்ந்திருந்தன. வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். தடவிப் பார்த்தார். மணி ஒன்று இருபது.

"எழுதினவரையே கேட்டுப் பாருங்களேன்" என்றார் மனைவி.

"எழுதினவன் நான்தானே."

"தெரியும். அதான் கேட்கச் சொல்றேன்."

மச்சானுக்கு போன் போனது. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் இருந்தவன் பத்து நிமிடத்தில் வந்தான். செருப்பைக் கழற்றினான், சாவிக்கு இந்தப் பக்கம் ஒரு விரல், அந்தப் பக்கம் ஒரு விரல் வைத்தான், கூரையைப் பார்த்தபடி உதட்டுக்குள் எண்ணினான். சாவி அணைந்தது. கதவு 'டக்' என்று வாயைத் திறந்தது. புத்தகத்தை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மனைவி ஒரு சீருடையை எடுத்து, இஸ்திரிப் பெட்டியால் ஈரம் போகத் தேய்த்து, காலர் ஈரமாகவே இருக்க, "ஏழு மணிக்கு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கையேட்டுக்காரருக்கு உறைத்தது.

மச்சானுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார். அவன் கோப்பையைச் சுழற்றிக்கொண்டே இருந்தான்.

"அத்தான், தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு நாளைக்கு எட்டு வீடு போறேன். அதுல அஞ்சு வீட்டுல மெஷின் நல்லாத்தான் இருக்கு. ரெண்டு விரல வெச்சுப் பத்து எண்ணிட்டு வந்துடறேன்."

"அதைத்தான் நான் எழுதியிருக்கேனேப்பா."

"எழுதியிருக்கீங்க."

"பின்ன?"

"ஆறு வருஷமாச் சொல்லணும்னு நினைக்கிறேன். அக்கா வீட்டுக்காரராச்சே, மரியாதையா இருக்காதேன்னுதான் சொல்லல." கோப்பையைக் கீழே வைத்தான். "யாருக்குமே புரியல அத்தான்."

அன்று அவர் பேயறைந்தவர்போல் இருந்தார் என்று சொன்னால் அது கூடுதல். சோறு சாப்பிட்டார், செய்தித்தாள் படித்தார். ஆனால் செவ்வாய்க்கிழமை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, மச்சானின் வேனில் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். "சும்மா பார்க்கத்தான். யார்னு சொல்லிக்காதே" என்றார்.

முதல் வீட்டில் ஓய்வுபெற்ற போலீஸ்காரர். ஒரு கம்பளிச் சட்டையைத் தூக்கிக் காட்டினார். ஆறு வயதுப் பையனுக்குத்தான் அது இனி ஆகும். "மெதுவா துவைக்கணும்னுதான் நத்தைய அழுத்தினேன். நத்தைன்னா மெதுவாத்தானே போகும்?" என்றார். முப்பது வருடம் திருடர்களைக் கேள்வி கேட்ட குரல். அது நத்தை இல்லை, சுழல்வதைக் காட்டும் சுருள், இருப்பதிலேயே வேகமானது அதுதான் என்று மச்சான் விளக்கினான். "அப்போ எதுக்குய்யா நத்தை மாதிரி வரையறான்?" என்றார் போலீஸ்காரர். கையேட்டில் அதற்குத் தான் 'சுருட்குறி' என்று பெயர் வைத்திருந்தது கையேட்டுக்காரருக்கு ஞாபகம் வந்தது. நல்ல சொல். சொல்லைப் பார்த்தவர்தான் யாருமில்லை.

இரண்டாவது வீடு ஒரு தையல்காரம்மாவுடையது. அவர் ஒரு படத்தை மட்டும் விட்டுவிட்டு, மற்ற எட்டின் மேலும் நாடாப் போட்டு ஒட்டியிருந்தார். "இது ஒண்ணுதான் எங்களுக்குப் பழக்கம். மத்ததெல்லாம் தெரியாம கை பட்டுடக் கூடாதுல்ல" என்றார். இயந்திரம் ஆடுகிறது என்பதுதான் புகார். மச்சான் குனிந்து பார்த்தான். ஒரு காலுக்கடியில் நாலாக மடித்த கையேடு இருந்தது. அதை உருவிவிட்டு, கால் திருகைச் சரிசெய்தான். தையல்காரம்மா கையேட்டைத் தூசி தட்டி வாங்கி, "நல்ல கெட்டித் தாள். இத்தனை நாள் தாங்குச்சு" என்றார். எழுதியவரின் காதுபடக் கையேட்டுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதான்.

மூன்றாவது வீட்டில் ஒரு பாட்டு வாத்தியார். பார்வை கிடையாது. தனியாக இருந்தார். வீடு துடைத்து வைத்த மாதிரி இருந்தது. கறுப்புக் கண்ணாடியில் எது எங்கே இருக்கிறது என்று தடவினால் தெரியாது என்பதால், சட்டைப் பொத்தான்களை எடுத்துப் பசைபோட்டு ஒவ்வொரு படத்தின் மேலும் ஒட்டியிருந்தார். சின்னது, பெரியது, நாலு துளை, இரண்டு துளை. "பொத்தான் மேல பொத்தான்" என்று சொல்லிச் சிரித்தார். அதெல்லாம் அவருக்குப் பிரச்சினை இல்லை. பிரச்சினை மணி.

"துவைச்சு முடிஞ்சாலும் மூணு அடி. தண்ணி வரலன்னாலும் மூணு அடி. கல்யாணச் சேதிக்கும் கருமாதிச் சேதிக்கும் ஒரே தந்தி. நான் எதுன்னு எடுத்துக்க?"

"கதவத் திறந்து துணிய தொட்டுப் பார்க்கலாங்களே" என்றார் கையேட்டுக்காரர், தன்னையறியாமல்.

"பார்க்கறேனே. தினமும் அதைத்தான் பண்றேன். சத்தம் போடத் தெரிஞ்ச மெஷின், அர்த்தத்தோட போடக் கூடாதான்னு கேக்கறேன்."

வேன் திரும்பி வரும்போது கையேட்டுக்காரர் மூன்று வீட்டையும் மனதில் ஓட்டிப் பார்த்தார். போலீஸ்காரரும் தையல்காரம்மாவும் வாத்தியாரும் கவனிக்காதவர்களா? அவர்களைவிடக் கூர்ந்து கவனிக்கிறவர்களை அவர் பார்த்ததில்லை. ஒரு சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோது, "நான் கவனிக்கிறேன்ப்பா. இத்தனை நாளா நான் நல்லாத்தான் கவனிச்சிட்டு இருந்திருக்கேன்" என்றார். மச்சானுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஆமாம் அத்தான்" என்றான்.

மறுநாள் பிரிவுத் தலைவியிடம் போய் நின்றார். அந்த அம்மாள் ஒரே சமயத்தில் இரண்டு போனில் பேசக்கூடியவர்.

"மேடம், அந்த மெஷின் தப்பா இருக்கு."

"நமக்கும் மெஷினுக்கும் என்னங்க சம்பந்தம்? அது அச்சு வார்த்தாச்சு, பத்தாயிரம் செஞ்சாச்சு. உங்களுக்கு வேணும்னா புத்தகத்த மாத்திக்குங்க."

"எப்படி வேணும்னாலும் மாத்தலாமா?"

"புரியற மாதிரி எழுதுங்க. யாரு வேண்டாம்னது?" என்று சொல்லிவிட்டு இரண்டாவது போனுக்குத் திரும்பினார்.

கையேட்டுக்காரர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். மூன்று வாரம் உட்கார்ந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக, வீட்டில் துவைத்துப் பார்த்துப் பார்த்து எழுதினார். துண்டுகள் பல நிறம் மாறின. மனைவி ஒவ்வொரு பக்கத்தையும் சத்தமாகப் படித்து, மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் வெட்டச் சொன்னார். முடிந்தபோது அது இப்படி இருந்தது:

"இந்த இயந்திரத்தில் ஒன்பது படங்கள் இருக்கின்றன. உங்களுக்குத் தேவை மூன்றுதான். மற்ற ஆறையும் தொடாமலே ஆயுள் முழுக்கத் துவைக்கலாம்.

நத்தை போல் தெரிவது நத்தை அல்ல. அதை நம்பிக் கம்பளியைப் போட்டுவிடாதீர்கள்.

கண்ணாடியைத் துடைத்தால் இயந்திரம் பூட்டிக்கொள்ளும். தவறு உங்களுடையது அல்ல. சாவிப் படத்தின் இரு பக்கமும் இரண்டு விரல்களை வைத்து, நிதானமாகப் பத்து எண்ணுங்கள். எட்டில் எடுத்துவிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து.

மணி மூன்று முறை அடித்தால் துவைத்து முடிந்தது என்று பொருள். தண்ணீர் வரவில்லை என்றும் பொருள். எது என்று எழுந்துபோய்த்தான் பார்க்க வேண்டும். மன்னிக்கவும்.

பூ போன்ற படம் எதற்கு என்று நாங்களும் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்."

கையெழுத்துக்காகப் புத்தகம் ஏழு மேசைகளுக்குப் போனது. எங்காவது மாட்டிக்கொள்ளும் என்று காத்திருந்தார். ஏழு கையெழுத்தோடு திரும்பி வந்தது. ஏழாமவர் மட்டும் ஓரிடத்தில் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். 'பூ போன்ற' என்பதில் ஒற்று விட்டுப்போயிருந்தது. 'பூப் போன்ற' என்று திருத்தி அச்சுக்குப் போனது.

நாலு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாம் மாதம் சர்வீஸ் பிரிவில் ஆட்கள் பகலில் கேரம் விளையாட ஆரம்பித்தார்கள். மச்சானுக்கு நாளைக்கு எட்டு வீடு என்பது மூன்றாகக் குறைந்தது. போன் இணைப்புதான் கெட்டுவிட்டதோ என்று ஆளை வரவழைத்துப் பார்த்தார்கள். இணைப்பு சரியாக இருந்தது. அந்தச் சமயத்தில் யாரோ ஒருவர் முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதினார். 'ஐயா, உங்கள் கையேட்டை என் வீட்டில் எல்லோரும் கடைசி வரை படித்தோம். அந்தப் பூ விஷயம் என்ன ஆயிற்று?' என்று ஒரே வரி. முதலாளி கையேட்டை வரவழைத்துப் படித்தார். உடனே கூட்டம் போடச் சொன்னார்.

கூட்டம் பத்து மணிக்கு. சுவரிலிருந்த பெரிய திரையை உயிர்ப்பிக்க மூன்று ரிமோட்கள் இருந்தன. பொறியாளர்கள் நாலு பேர் மாற்றி மாற்றி அழுத்தினார்கள். திரை நீலமானது, பிறகு வேறு ஒரு நீலமானது, குளிர்சாதனம் நின்றது, ஜன்னல் திரைகள் இறங்கின. பத்தேமுக்காலுக்கு முதலாளி, "வேண்டாம் விடுங்க, வாயாலேயே பேசலாம்" என்றார்.

வடிவமைப்புப் பிரிவின் மேலதிகாரி கையேட்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"இது நீங்க எழுதினதா?"

"ஆமாங்க."

"'தவறு உங்களுடையது அல்ல'ன்னு போட்டிருக்கீங்க. அப்ப யாரோடது?"

"என்னோடதுதான்" என்ற சொல் பழக்க தோஷத்தில் கையேட்டுக்காரரின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை விழுங்கினார். தண்ணீரும் கொஞ்சம் குடித்தார்.

"மெஷினோடதுங்க" என்றார்.

குளிர்சாதனம் வேறு நின்றுவிட்டதால் எல்லோருக்கும் வியர்த்தது. முதலாளி கையேட்டை வாங்கிப் புரட்டினார்.

"அதெல்லாம் இருக்கட்டும். இந்தப் பூ எதுக்கு?"

மேலதிகாரி பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். அவர் அடுத்தவரைப் பார்த்தார். பார்வை மேசையைச் சுற்றி வந்து, கடைசி நாற்காலியில் இருந்த ஓர் இளம்பெண்ணிடம் நின்றது. அந்தக் கண்ணாடிப் பலகையை வரைந்தவள் அவள்தான்.

"போன மாடல்ல வாசனைத் திரவம் ஊத்த ஒரு சின்ன அறை இருந்துச்சு சார். அதுக்கு அந்தப் படம். இந்த மாடல்ல அந்த அறைய எடுத்துட்டாங்க. படத்த எடுக்கச் சொல்லி யாரும் சொல்லல."

"அப்ப அழுத்தினா?"

"கூவும் சார். அவ்ளோதான்."

முதலாளி கையேட்டை மூடி மேசையில் வைத்தார். பிறகு, "இங்க வீட்டுல துணி துவைக்கிறவங்க யாரெல்லாம்?" என்று கேட்டார். கை தூக்கியவர் ஒரே ஒருவர், கையேட்டுக்காரர், அதுவும் ஐந்து மாத அனுபவத்தில். மேலதிகாரி வீட்டில் அம்மா துவைக்கிறார். அந்தப் பெண் விடுதியில் இருக்கிறாள். வாரம் ஒரு முறை ஆள் வந்து மூட்டையை எடுத்துப்போகிறார். முதலாளி தன்னைப் பற்றிச் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

கூட்டம் முடிந்ததும் அந்தப் பெண் நடைபாதையில் அவர் பின்னாலேயே வந்தாள்.

"ஏன் சார் எங்ககிட்ட முன்னாடியே சொல்லல?"

"எனக்கே தெரியாதும்மா. நீங்க துவைச்சுப் பார்த்துத்தான் வரையறீங்கன்னு நான் நினைச்சேன்."

"நீங்க துவைச்சுப் பார்த்துத்தான் எழுதறீங்கன்னு நான் நினைச்சேன் சார்."

இரண்டு பேருக்கும் அசடு வழிந்தது. அந்த அசட்டிலேயே ஒரு நட்பு உண்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னார்.

அவள் ஒரு கட்டு அட்டைகளோடு வந்தாள். புது மாடலுக்கான பலகையை அட்டையில் வரைந்து, வெட்டி, ஐந்து விதமாகக் கொண்டுவந்திருந்தாள். கையேட்டுக்காரரின் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவள், "இது என்னன்னா மேடம்" என்று ஆரம்பித்ததுமே கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீ பேசக் கூடாதும்மா. கடையில வாங்கினா நீயும் பெட்டிக்குள்ள வருவியா?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மனைவி அட்டையில் ஒரு படத்தை அழுத்தினார்.

"அழுத்திட்டேன். இப்ப என்ன ஆகும்?"

அட்டை என்ன செய்யும்? ஆகவே வேடிக்கை பார்க்க வந்திருந்த மச்சான் இயந்திரமாக நியமிக்கப்பட்டான். அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். அக்கா எதை அழுத்துகிறாரோ அதற்கேற்ப அவன் ஓட வேண்டும், நிற்க வேண்டும், கூவ வேண்டும். முதல் அட்டையில் அக்கா அழுத்தியதில் அவன் தண்ணீர் இல்லாமலே சுற்றினான். இரண்டாவதில் பூட்டிக்கொண்டான். மூன்றாவது அட்டையைப் பார்த்துவிட்டு, "இந்தப் பறவை எதுக்கு?" என்று கேட்டார் அக்கா. அந்தப் பெண் பேசக் கூடாது என்பதால் கண்ணில் நீர் தளும்ப உட்கார்ந்திருந்தாள்; அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை. அட்டையைத் திருப்பிப் பின்னால் எழுதியிருந்ததை அக்காவே படித்தார். "மென்மையான துணிக்கா? அப்ப 'மென்மை'ன்னு எழுதிட்டுப் போயேன். எழுத்துக்கு என்ன பஞ்சமா? எங்க வீட்டுக்காரர்கிட்ட மூட்டை மூட்டையா இருக்கு."

மதியம் வேன் போய்ப் பாட்டு வாத்தியாரை அழைத்துவந்தது. சத்தம் அவர் பொறுப்பு. முடிந்ததற்கு ஏறிப் போகும் இரண்டு சுரம் போதும், கோளாறுக்கு இறங்கி நிற்கும் ஒரே சுரம் என்று தீர்ப்புச் சொன்னார். மச்சான் பாடிக் காட்டினான். "இது கோளாறு மாதிரி இல்ல, கோளாறாவே இருக்கு" என்று அவனைப் பதினோரு தடவை திரும்பப் பாடவைத்தார். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரித்துப் போனார். சாயங்காலம் ஆனபோது ஐந்து அட்டைகளும் குப்பைக்குப் போயிருந்தன. ஆறாவதாக ஒன்று, மனைவி சொல்லச் சொல்ல அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து வரைந்தது, பிழைத்திருந்தது.

புது மாடல் வர ஒன்றரை வருடம் ஆயிற்று. தடவினால் தெரியும் பொத்தான்கள் நாலு, ஒவ்வொன்றிலும் ஒரு சொல். பூட்டு வேண்டுமானால் தனியாக ஒரு சின்னத் தாழ்ப்பாள், பார்த்தாலே தாழ்ப்பாள் என்று தெரியும்படி. அதற்கான கையேடு ஒரே தாள், ஏழு வரி. அந்த ஏழு வரிக்குக் கையேட்டுக்காரர் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டார். பிரிவுத் தலைவி, "முன்னாடி நாப்பது பக்கம் ரெண்டு வாரத்துல கொடுப்பீங்களே?" என்று கேட்டார். "அப்ப யோசிக்காம எழுதிட்டேன் மேடம்" என்றார். சர்வீஸ் பிரிவில் ஆட்கள் குறைக்கப்படுவார்களோ என்று ஒரு பேச்சு எழுந்தது. முதலாளி அவர்களில் பாதிப் பேரை வடிவமைப்புப் பிரிவுக்கு மாற்றினார். எந்த வீட்டில் எது மாட்டிக்கொள்ளும் என்று அவர்களுக்குத்தானே தெரியும். மச்சானுக்கு இப்போது ஒரு மேசையும் சுழல் நாற்காலியும் உண்டு. நாற்காலியின் உயரத்தை மாற்றத் தெரியாமல் ஒரு வாரம் தாழ உட்கார்ந்திருந்தான்.

கையேட்டுக்காரருக்கும் இடம் மாறியது. படங்கள் மேசைக்கு வருவது நின்றுபோய், பொருளே வந்தது. இந்த மாதம் வந்திருப்பது ரொட்டி சுடும் அடுப்பு. அறையின் நடுவில் அதை வைத்து, முன்னால் ஒரு நாற்காலி போட்டு அவர் உட்கார்ந்திருக்கிறார். மேசையில் பிசைந்த மாவு. சுவரோரமாகப் பொறியாளர்கள் ஐந்து பேர், பேசக் கூடாது என்ற நிபந்தனையோடு, கை கட்டி நிற்கிறார்கள். அவர் ஒரு திருகைப் பிடித்து வலப்பக்கம் திருப்பினார். உள்ளே விளக்கு எரிந்தது. இடப்பக்கம் திருப்பினார். விளக்கு அணைந்தது. சூடு எங்கிருந்து வரும் என்று தேடினார். ஒரு பொறியாளரின் கை தன்னையறியாமல் நீண்டது. பக்கத்தில் நின்ற, பலகை வரைந்த அந்தப் பெண் அதைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

கையேட்டுக்காரர் அவசரப்படவில்லை. காலை நீட்டிச் சாய்ந்துகொண்டார். அடுப்பை மேலும் கீழும் ஒரு முறை பார்த்தார்.

"எனக்குப் புரியல" என்று நிதானமாகச் சொன்னார். சுவரோரத்தில் ஐந்து பேரும் அதை எழுதிக்கொண்டார்கள்.